ஹாங்காங் செவன்ஸ்: மூன்று நாள் டிக்கெட் காசுக்குத் தகுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு இரவு வரை பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு, அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பிப் போட்டியான ஹாங்காங் செவன்ஸ் கொடுத்த காசுக்கு மேலேயே தரும். ஞாயிறு மாலை மட்டும் வந்து இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடுபவருக்குக் கிடைப்பது கால்வாசிதான். இந்தப் போட்டியின் சுவை கோப்பை யார் கையில் முடிகிறது என்பதில் இல்லை. அது சனிக்கிழமை காலை ஆட்டங்களில் இருக்கிறது. அந்த ஆட்டங்களுக்குச் சுவை கூட்டிய சின்ன அணிகளைத்தான் அமைப்பாளர்கள் குறைத்துவிட்டார்கள். நம் முக்கியமான புகாரும் அதுதான்.

எழுவர் ரக்பியைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. பதினைந்து பேர் ஆடும் அதே முழு மைதானத்தில்தான் இங்கே ஏழு பேர் ஆடுகிறார்கள். கோட்டிலிருந்து கோட்டுக்கு 100 மீட்டர், அகலம் 70 மீட்டர். முப்பது பேர் நின்றால் தலைக்கு 230 சதுர மீட்டர் சொச்சம் வரும்; பதினான்கு பேர் நின்றால் 500. அதனால் ஒரே ஒரு தடுப்பு தவறினாலும் பின்னால் காப்பாற்ற ஆள் இருக்காது, ஓடுகிறவர் ஓடிக்கொண்டே இருப்பார். ஒரு பாதிக்கு 7 நிமிடம், இடைவேளை அதிகபட்சம் 2 நிமிடம். அடுத்தடுத்த ஆட்டங்கள் ஏறத்தாழ 22 நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். பாப்கார்ன் வாங்கப் போய் வருவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த இரண்டு அணிகள் களத்தில் நிற்கும்.

புரிந்துகொண்டால் ரசனை இரட்டிப்பாகும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, கன்வெர்ஷன். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ட்ரை, 5 புள்ளி; அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் போடுவது கன்வெர்ஷன், அதற்கு 2. ஆனால் பந்தைத் தரையில் நிறுத்தி வைத்து உதைக்க முடியாது. கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கிக் மட்டும்தான். அதையும் 30 வினாடிக்குள் முடித்தாக வேண்டும். ஓரத்தில் ஊன்றினால் அதற்கு நேராக ஓரத்திலிருந்துதான் உதைக்க வேண்டும்; அங்கிருந்து அப்படி உதைத்து உள்ளே போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. கோட்டைத் தாண்டிய வீரர் பந்தை உடனே ஊன்றாமல் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடுவது அதற்காகத்தான், அலட்டலுக்காக இல்லை. அந்த வளைவில் பின்னாலிருந்து யாராவது வந்து பந்தைத் தட்டிவிட்டால் ஐந்தும் போச்சு, இரண்டும் போச்சு.

இரண்டாவது, மறுதொடக்கம்: புள்ளி விழுந்தபின் நடுக்கோட்டிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவது. பதினைந்து பேர் ரக்பியில் புள்ளி கொடுத்த அணி உதைக்கும். இங்கே புள்ளி எடுத்த அணியே உதைக்க வேண்டும். அதாவது ட்ரை அடித்தவுடன் பந்தை எதிரணிக்குக் கொடுக்கும் நிலை. அதைத் திரும்பப் பிடிப்பதற்கென்றே உயரமான ஒரு வீரரை வைத்திருப்பார்கள். பந்து 10 மீட்டர் கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் நடு மைதானத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். நன்றாகத் தாண்டிவிட்டால், ஓடிவரும் ஆள் எட்டிப் பிடிக்க முடியாது. அந்தக் கோட்டுக்குச் சற்று அப்பால், உயரமாகத் தொங்கி விழும்படி உதைக்கத் தெரிந்த அணி, எதிரணி பந்தைத் தொடாமலேயே இரண்டு, மூன்று ட்ரை அடித்துவிடும். பல ஆட்டங்களில் முடிவு இங்கேதான் தீர்மானமாகிறது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த நேரத்தில் முந்தைய ட்ரைக்குப் போட்ட பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள்.

மஞ்சள் அட்டை வாங்கியவர் 2 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். கேட்க அற்பமாகத் தெரியும். மொத்த ஆட்டமே 14 நிமிடம் என்பதால் அது ஏழில் ஒரு பங்கு. ஆறு பேரால் 70 மீட்டர் அகலத்தை அடைக்க முடியாது. இந்த 2 நிமிடத்தில் ஒரு ட்ரையோடு தப்பித்தால் அதுவே புண்ணியம்.

இனி போட்டியின் வரலாறு. எழுவர் ரக்பி பிறந்தது ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில், 1883-ல். கிளப்புக்குப் பணம் திரட்ட ஒரு விளையாட்டு விழா நடத்த வேண்டியிருந்தது. ஒரே மதியத்தில் பல அணிகளை ஆடவைக்க, ஆள் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறைத்துவிடலாம் என்ற யோசனையைச் சொன்னவராக நெட் ஹேய்க் என்ற கசாப்புக் கடைக்காரரைக் குறிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு தொண்ணூறு வருடம் இது ஸ்காட்லாந்து எல்லைப்புற ஊர்களின் வசந்தகாலப் பொழுதுபோக்காகவே இருந்தது. தேசிய அணிகள் மோதிய முதல் செவன்ஸ் 1973-ல் எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்தில் நடந்தது. ஸ்காட்லாந்தில் ரக்பியை நிர்வகிக்கும் யூனியனின் நூற்றாண்டு விழாவுக்கான ஏற்பாடு அது. இங்கிலாந்து ஜெயித்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

விட்ட இடத்திலிருந்து பிடித்தது ஹாங்காங். அங்கிருந்த ரக்பி யூனியனின் தலைவர் டோக்கி ஸ்மித், ராத்மன்ஸ் சிகரெட் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த இயன் கோ ஆகிய இருவரும் பேசி எடுத்த முடிவு; கேத்தே பசிபிக் விமான நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 1976 மார்ச் 28 அன்று ஹேப்பி வேலியில் உள்ள கால்பந்து கிளப் மைதானத்தில் 12 அணிகள் ஆடின. நியூசிலாந்திலிருந்து வந்த கான்டாபிரியன்ஸ் அணி, ஆஸ்திரேலியாவின் வாலரூஸ் அணியை 24-8 என்று வென்று முதல் கோப்பையை எடுத்தது. இந்த ஸ்கோரை இன்றைய கணக்கில் பிரித்துப் பார்த்தால் சரியாக வராது. அப்போது ட்ரைக்கு 4 புள்ளிதான். 5 ஆனது 1992-ல்.

பிரிட்டனின் யூனியன்கள் ஆரம்பத்தில் இதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தன. வீரர்களுக்குச் சம்பளம் இல்லாத அமெச்சூர் காலம், கம்பெனிப் பணத்தில் நடக்கும் போட்டிக்குத் தேசிய அணியை அனுப்ப மனமில்லை. அதனால் பார்பேரியன்ஸ், பப்ளிக் ஸ்கூல் வாண்டரர்ஸ் போன்ற அழைப்பு அணிகளின் பெயரில்தான் வீரர்கள் வந்தார்கள். 1981 கோப்பை அப்படி வந்த பார்பேரியன்ஸுக்குத்தான் போனது. பெரிய யூனியன்கள் தயங்கியதால் காலியான இடத்தில் ஃபிஜி, டோங்கா, இலங்கை, தென்கொரியா, ஜப்பான் எல்லாம் வந்து உட்கார்ந்தன. இந்தப் போட்டிக்கு ஒரு குணம் வந்தது அதனால்தான். ஃபிஜி மாதிரி ஒரு சின்னத் தீவு நாடு உலகத்துக்கே பாடம் நடத்தும் இடமாக இது மாறியது.

இன்னொரு நல்ல ஏற்பாடு, தோற்றவர்களுக்கும் கோப்பை. காலிறுதியில் தோற்றவர்களுக்குப் பிளேட் (Plate), அதற்கும் கீழே நின்றவர்களுக்கு போல் (Bowl) என்ற கோப்பை. இதனால் முதல் நாள் அடி வாங்கிய அணிக்கும் கடைசி நாள் ஆட ஒரு காரணம் இருந்தது. 1984-ல் போல் கோப்பையை வென்றது இலங்கை. பணக்கார அணியிடம் நாற்பது, ஐம்பது புள்ளியில் தோற்ற ஓர் அணி மறுநாள் தனக்குச் சமமான அணியோடு ஓர் இறுதி ஆட்டத்தில் முட்டிமோதுவதைப் பார்ப்பதுதான், பழைய ரசிகர்களைக் கேட்டால், ஹாங்காங் செவன்ஸின் அசல் சரக்கு.

1982-ல் போட்டி சோ கோன் போவில் இருந்த அரசு மைதானத்துக்கு மாறியது. அதை இடித்துக் கட்டி, 40,000 பேர் உட்காரும் ஹாங்காங் ஸ்டேடியமாக 1994-ல் திறந்தார்கள். புது அரங்கில் ரசிகர்களுக்கு முதலில் கிடைத்த விருந்து நியூசிலாந்து வீரர் ஜோனா லோமு. 1994 முதல் 1996 வரை மூன்று வருடமும் கோப்பை நியூசிலாந்துக்கு. 1997, 2005 ஆகிய இரண்டு வருடங்களில் இதே மைதானத்தில் உலகக் கோப்பை செவன்ஸே நடந்தது. இரண்டையும் ஃபிஜி தூக்கியது. 1997 இறுதியில் தென்னாப்பிரிக்காவை 24-21 என்று முடித்தபோது அணியை நடத்தியவர் வைசாலே செரெவி. 2005-ல் மறுபடியும் அவரேதான், வயது 36. அந்த வயதில் செவன்ஸ் ஆடுவதே பெரிது. அவர் ஓடியதை விட எதிரணியை ஓடவைத்ததுதான் அதிகம்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட நின்றபடியே, தடுக்க வருபவர் எந்தக் காலில் எடையைப் போடுகிறார் என்று பார்த்து எதிர்ப்பக்கம் நழுவிவிடுவார்.

அந்த இரண்டு உலகக் கோப்பைகளையும் சேர்த்தால் ஹாங்காங்கில் ஃபிஜியின் கணக்கு 19. கடைசியாக 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து. இதே அணிதான் 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கி அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக வாங்கியது. அதைக் கொண்டாட ஃபிஜியின் மத்திய வங்கி மறு வருடம் 7 டாலர் நோட்டு வெளியிட்டது. விளையாட்டுக்காக 7 டாலருக்கு ஒரு நோட்டு! ஹாங்காங் மைதானத்தில் ஃபிஜி அணி நுழையும்போது ஏன் அத்தனை சத்தம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பெண்கள் செவன்ஸ் ஹாங்காங்கில் 1997-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் பல வருடம் பெண்கள் ஆட்டங்களைப் பக்கத்து மைதானங்களில் தள்ளிவைத்திருந்தார்கள். பல நாடுகளில் அடுத்தடுத்து நடக்கும் உலகத் தொடரின் முழு அங்கமாக, ஆண்களுக்கு நிகராக, பெரிய அரங்கில் ஆடியது 2023-ல்தான். அந்த வருடமும் 2024-லும் நியூசிலாந்து ஆண்கள், பெண்கள் இரண்டு கோப்பையையும் அள்ளிக்கொண்டு போனது. இப்போது தரத்தில் பெண்கள் ஆட்டம் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பெண்கள் மோதும் ஆட்டம் அட்டவணையில் இருந்தால் அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசைக்குப் போகாதீர்கள்.

இப்போது நம் புகாருக்கு வரலாம். 2019-ல் ஹாங்காங்கில் ஆண்கள் பிரிவில் மட்டும் 28 அணிகள்: உலகத் தொடரின் 16, அந்தத் தொடருக்குள் நுழையத் துடிக்கும் தகுதிச் சுற்று அணிகள் 12. அந்தத் தகுதிச் சுற்றுதான் உயிரோட்டமாக இருந்தது. வென்றால் அடுத்த வருடம் முழுக்க உலகத் தொடரில் இடம். தோற்றால் மறுபடி ஒரு வருடக் காத்திருப்பு. ஜெர்மனி 2017-ல் இறுதி வரை வந்து ஸ்பெயினிடம் தோற்றது, 2018-ல் மறுபடி இறுதிக்கு வந்து ஜப்பானிடம் தோற்றது. 2019-ல் சொந்த மண்ணில் இறுதிக்கு வந்த ஹாங்காங் அயர்லாந்திடம் விட்டது. கோப்பை இறுதியை விட இந்த ஆட்டங்களில் பதற்றம் அதிகம். 2024-ல் ஆண்களில் 12, பெண்களில் 12 என்று சுருங்கிவிட்டது. மொத்த ஆட்டங்கள் அதிகம் குறையவில்லை, தரமும் கூடித்தான் இருக்கிறது. ஆனால் கத்துக்குட்டி அணிகளைப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. 2025-26 பருவத்தில் உலகத் தொடரின் முதல் பிரிவை 8 அணிகளாகக் குறைத்து வடிவத்தை மறுபடி மாற்றியிருக்கிறார்கள். எனவே டிக்கெட் எடுக்கும் முன் அந்த வருடம் எத்தனை அணிகள், என்ன முறை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய ஞாபகத்தில் வாங்காதீர்கள்.

கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் போட்டி இல்லை. 2022 நவம்பரில் திரும்பி வந்தபோது முகக்கவசம் கட்டாயம், அனுமதி 34,000 பேருக்கு மட்டும். ஆஸ்திரேலியா ஃபிஜியை 20-17 என்று வென்ற அந்த இறுதி ஆட்டம் அருமை. சுற்றியிருந்த கெடுபிடிகள் அப்படியல்ல. 2024 ஏப்ரலில் சோ கோன் போவுக்கு விடை கொடுத்துவிட்டு, 2025 மார்ச் 28 முதல் 30 வரை முதல் தடவையாகக் கைடாக் அரங்கில் நடத்தினார்கள். 1998-ல் மூடிய பழைய விமான நிலையம் இருந்த அதே இடம். ஆண்கள் இறுதியில் அர்ஜென்டினா பிரான்ஸை 12-7 என்று வென்றது. ஹாங்காங்கில் அர்ஜென்டினாவுக்கு அதுதான் முதல் கோப்பை.

அரங்கம் எப்படி? வசதியில் பழையதோடு ஒப்பிடவே முடியாது. 50,000 இருக்கைகள், மூடித் திறக்கும் கூரை. மார்ச் கடைசியில் ஹாங்காங்கில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வராவிட்டாலும் காற்றில் ஈரம் பிசுபிசுக்கும். பழைய மைதானத்தில் கூரைக்கு வெளியே மாட்டியவர்கள் நாள் முழுக்க நனைந்து, காய்ந்து, மறுபடி நனைவார்கள். கைடாக்கில் அந்தத் தொல்லை இல்லை. பந்து ஈரமாகி நழுவாததால் ஆட்டத்தின் வேகமும் கூடுகிறது. ஈரப் பந்தில் நீளமான பாஸ் போடத் தயங்கும் அணிகூட காய்ந்த பந்தில் துணிந்து வீசும். குறை என்றால் சத்தம். கூரை மூடியிருக்கும்போது ஒலிபெருக்கிப் பாட்டும் கூட்டத்தின் இரைச்சலும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுழல்கின்றன. ஆட்டங்களுக்கு நடுவே மூச்சுவிட இடமே இல்லை. சிறு குழந்தைகளோடு போவதாக இருந்தால் காதுக்குப் போடும் கவசம் எடுத்துப் போங்கள். சோ கோன் போவில் மைதானத்தைச் சுற்றிப் பச்சை மலைச்சரிவு தெரியும். அந்த அழகு இங்கே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருக்கைத் தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கவாட்டில், கோட்டுக்கு அருகே, கீழ் வரிசை என்றால் விலை அதிகம், கெத்தாகவும் இருக்கும். ஆனால் எழுவர் ரக்பிக்கு அது மோசமான இடம். மைதானத்தின் அகலம் முழுக்க ஆட்டம் பரவியிருக்கும். கீழிருந்து பார்த்தால் தூரத்து ஓரத்தில் எத்தனை பேர் தனியாக நிற்கிறார்கள் என்பதே தெரியாது. கம்பங்களுக்குப் பின்னால், நடு அடுக்கில் உட்காருங்கள். தடுப்புச் சுவரில் ஓட்டை எங்கே விழுகிறது என்பது பந்து அங்கே போகும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கவாட்டுதான் வேண்டும் என்றால் மேலே போங்கள், நடுக்கோட்டுக்கு நேராக.

தெற்கு ஸ்டாண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாறுவேடம், பீர், பாட்டு என்று உலகப் புகழ் பெற்ற பகுதி. பழைய அரங்கில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும், காலையிலேயே நிரம்பிவிடும். பந்தியில் பாதியில் எழுந்தால் இலை போன மாதிரி, ஒருவர் வெளியே வந்தால்தான் வரிசையில் நிற்கும் இன்னொருவர் உள்ளே. கைடாக்கிலும் அந்தப் பெயரும் கூத்தும் கூடவே வந்துவிட்டன. ஒரு மணி நேரம் அங்கே நின்றுபார்ப்பது நல்ல அனுபவம். ஆட்டம் பார்க்க வந்தவர் நாள் முழுக்க அங்கே இருந்தால் ஸ்கோர்கூடத் தெரியாமல் திரும்புவார். பீர் மேலே தெறிக்கும், நல்ல சட்டை வேண்டாம்.

நேரத் திட்டம்: வெள்ளிக்கிழமை தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை தவறவிடாதீர்கள். நான்கு அணிகள் கொண்ட மூன்று பிரிவு என்ற 2025 முறையில், ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளோடு, மூன்றாம் இடத்து அணிகளில் சிறந்த இரண்டும் காலிறுதிக்குப் போகும். வெற்றிக்கு 3, டிராவுக்கு 2, தோல்விக்கு 1. எனவே மூன்றாம் இடத்துக்குப் புள்ளி வித்தியாசம்தான் எஜமான். 21 புள்ளி பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் ஏன் உயிரைக் கொடுத்து ஓடுகிறது என்று புரியாமல் பலர் கொட்டாவி விடுவார்கள். அந்த ஒரு ட்ரை அடுத்தது காலிறுதியா, கீழ்வரிசை ஆட்டமா என்பதை மாற்றிவிடும். கைபேசியில் புள்ளிப்பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள். சாப்பாடு, குடிக்க, கழிப்பறை எல்லாவற்றையும் ஓர் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இடைவேளையிலும் ஆட்டம் முடிந்த கையோடும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவதால் வரிசை நீண்டுவிடும். ஞாயிறன்று அரையிறுதி தொடங்கியபின் எங்கும் நகராதீர்கள்.

போக்குவரத்து எளிது, ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. மெட்ரோ ரயிலின் துன் மா பாதையில் கைடாக், சுங் வோங் டோய் என்று இரண்டு நிலையங்கள் அரங்குக்கு நடைதூரத்தில் இருக்கின்றன. பெயரைப் பார்த்து எல்லாரும் கைடாக் நிலையத்துக்கே போவார்கள். ஹங் ஹோம் பக்கம், அல்லது அங்கே கிழக்கு ரயில் பாதைக்கு மாறி அட்மிரால்டி வழியாக ஹாங்காங் தீவுக்குப் போகிறவர்கள் சுங் வோங் டோய் பக்கம் நடந்துவிடுங்கள். அந்தத் திசையில் அதுதான் அடுத்த நிலையமும். டயமண்ட் ஹில் பக்கம் போகிறவர்களுக்குத்தான் கைடாக் நிலையம் பொருந்தும். ரயிலுக்கான ஆக்டோபஸ் கட்டண அட்டையில் திரும்பும் பயணத்துக்கான பணத்தைக் காலையிலேயே ஏற்றிவையுங்கள். இறுதி ஆட்டம் முடிந்தபின் பணம் ஏற்றும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பது வீண். கோப்பை கொடுக்கும் வரை உட்கார்ந்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: விசில் அடித்தவுடன் ஓடுகிற முதல் கூட்டம் அதற்குள் கரைந்திருக்கும்.